பனையென்று பேர் வாங்கிய மரம்

காவேரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கு மரம் மட்டை தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தென்னை, பனை, கமுகு, ஈச்சு ஆகிய நான்கையும் இந்தப் பக்கத்துச் சிறு குழந்தைகூட வேறு வேறாகப் பிரித்துச் சொல்லும். ஆனால் இந்த நான்கிலும் சேராத ஐந்தாவது ஒன்று தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் எத்தனையோ வீட்டு வாசல்களில் தொட்டியில் நிற்கிறது. கல்லூரித் தோட்டங்களில் வட்டப் பாத்தியின் நடுவே நிற்கிறது. குட்டையான, செதில் செதிலான அடிமரம். அதன் தலையில் கரும்பச்சை மட்டைகள் நாலா பக்கமும் விறைத்துக்கொண்டு விரிந்திருக்கும். வீட்டுக்காரரை விசாரித்தால், “ஏதோ அலங்காரப் பனை ஸார்” என்பார். செடி விற்கிறவர் இன்னும் கொஞ்சம் நாகரிகமாக, “சேகோ பாம்” என்பார். இரண்டும் ஒன்றுதான். அதாவது, பனை.

அது பனையே அல்ல. பனைக்குத் தூரத்து உறவாகக்கூடச் சொல்ல வழியில்லை. வயலில் நிற்கிற நெல்லுக்கும் வரப்பில் நிற்கிற பனைக்குமாவது ஒரு பந்தம் உண்டு. இரண்டும் ஒற்றை விதையிலை விட்டு முளைக்கிற ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. இந்த ஐந்தாவது ஆசாமிக்கு உறவு தேட வேண்டுமானால் உதகமண்டலத்துப் பைன் மரங்களிடம்தான் போக வேண்டும். தாவர சாஸ்திரத்தில் இதற்கு சைகஸ் என்று பெயர். இதன் குலம் முழுவதையும் சைகட் என்கிறார்கள். உலகத்தில் இன்று சுமார் 370 வகை இருக்கின்றன.

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் வைக்கிற விஷயத்தில் எப்போதுமே ஒரு கவலை உண்டு. பாத்திரத்துக்குப் பெயர் தவறினால் அப்புறம் அது சொன்னபடி நடக்காது. ஆகையால் இந்த மரத்தின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது அதிலே என்னைப் பிடித்து இழுத்த அம்சம் ஒன்றுதான். ஆரம்பம் முதல் இன்று வரை இதைப் பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்குத் தெரிந்த வேறு ஏதோ ஒன்றின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால் மரத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அடையாளம். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, நம் ஊர்க் கண் இருந்தால் போதும். தென்னையும் பனையும் எப்படிக் குருத்து விடுகின்றன? நடுவிலிருந்து ஈட்டி மாதிரி ஒவ்வொன்றாக வரும். சைகஸ் அப்படியல்ல. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, ஒரு நாள் தலை முழுவதற்குமாக ஒரு சுற்று மட்டைகளைச் சேர்த்து விரிக்கும். அந்த இளம் மட்டையில் ஒவ்வொரு சிற்றிலையும் கடிகாரத்து வில்லைப் போலச் சுருண்டிருக்கும், மலைப் பக்கத்துப் பெரணிச் செடியின் கொழுந்து இருக்குமே, அந்த மாதிரி. தென்னோலையின் கீற்று மடிப்பு உள்ளது. சைகஸின் சிற்றிலையில் மடிப்பில்லை. நடுவில் ஒரே ஒரு தடித்த நரம்பு, நுனியில் முள். கடைசியாக, பாளை. பனைக்குலத்தில் பாளை வெடித்துப் பூ வரும். சைகஸில் பாளையும் இல்லை, பூவும் இல்லை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் உச்சியில் தாழம்பழத்துக்கும் அன்னாசிக்கும் நடுத்தரமாக ஒரு பெரிய கூம்பை நிறுத்தும். பெண் மரம் தலையில் கம்பளிபோல் மயிரடர்ந்த சிறு மடல்களை வளையமாக விரித்து, அந்த மடல்களின் ஓரத்தில் கொட்டைகளைத் தாங்கி நிற்கும். கொட்டையை மூடப் பழம் கிடையாது, காய் கிடையாது. திறந்தபடியே இருக்கும்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். இந்த மரத்தைக் குறித்து ஐரோப்பாவில் அச்சான பெரிய வர்ணனை நம்முடைய மேற்கு வாசலிலிருந்துதான் போயிற்று. மலையாளக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைவராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீட், அந்தச் சீமையின் செடி கொடிகளையெல்லாம் படம் எழுதச் செய்து, ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற நூலாகத் தொகுத்தார். அது ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்தது. அதற்குத் தகவல் தந்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். அவரோடு ரங்கபட், விநாயக பண்டிதர், அப்புபட் என்று மூன்று கொங்கணிப் பிராமணர்களும் இருந்தார்கள். 1682-ல் வந்த மூன்றாம் பாகத்தில் நம் மரம் பல படங்களோடு இடம் பெற்றது. அதன் மேலே போட்டிருந்த பெயர் ‘டொட்டா பன்னா’. பன்னா என்பது வேறொன்றுமில்லை, பனைதான். மலையாளத்தில் இன்று வழங்குகிற ‘ஈந்து’ என்ற பெயர் மட்டும் என்ன? நம் நிகண்டுக்காரர்களுக்கு ஈந்து என்றால் ஈச்சமரம். ஒரு பனை போனால் இன்னொரு பனை.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். ரீடின் புத்தகத்தை வைத்துக்கொண்டு, 1753-ல் பிரசுரித்த தம்முடைய பெரிய நூலில் இதற்கு ‘சைகஸ் சர்சினாலிஸ்’ என்று பெயர் சூட்டினார். சர்சினாலிஸ் என்றால் சுருண்டது. சிற்றிலையின் அந்தச் சுருளை ஞாபகப்படுத்தும் பெயர். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை எங்கே வைத்தார்? லின்னேயஸின் முறையே பூவிலுள்ள மகரந்தக் கேசரங்களை எண்ணிச் செடிகளை 24 வகுப்புகளாகப் பிரிப்பது. பூவே இல்லாத செடியில் எதை எண்ணுவது? புத்தகத்தின் கடைசியில் பனைகளுக்கென்று ஓர் அனுபந்தம் சேர்த்திருந்தார். அந்த அனுபந்தத்தில் கொண்டுபோய் இதையும் உட்கார்த்திவிட்டார்.

சைகஸ் என்ற சொல்லின் கதை இதைவிட வேடிக்கை. பழைய கிரேக்க ஆசிரியர் தியோஃப்ராஸ்டஸ் ஒருவகைப் பனையைக் குறிக்க ‘கோய்கஸ்’ என்பதுபோல் ஒரு சொல்லை எழுதினாராம். பிற்காலத்தில் ஏடு பெயர்த்து எழுதிய யாரோ ஒரு புண்ணியவான் ஓர் எழுத்தைத் தவறவிட, அது வேறு சொல்லாகிவிட்டது. அந்தத் தவறிய சொல்தான் சைகஸுக்கு மூலம் என்று மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். பாடபேதங்களோடு உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டை அறிந்த நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, பெயரும் பனையின் பெயர், அதிலும் எழுத்துப் பிழையோடு!

லின்னேயஸின் முறை நம் தஞ்சைச் சீமைக்கு வந்து சேர்ந்த வழியும் இதில் ஒரு கிளைக் கதை. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்த தரங்கம்பாடிக்கு, 1768-ல் கோனிக் என்ற வைத்தியர் வந்தார். இவர் லின்னேயஸிடம் நேரே பாடம் கேட்டவர். கடற்கரை மணலிலும் காவேரி வாய்க்கால் கரையிலும் நடந்து செடிகளைப் பறித்து, காகிதத்தில் அழுத்திக் காயவைத்து, கேசரம் எண்ணிப் பெயர் எழுதுகிற பழக்கத்தைத் தரங்கம்பாடிப் பாதிரிமார்களுக்கும் அவர் ஊட்டினார். ரோட்லர் முதலான பாதிரிகள் ஒரு கையில் வேதமும் ஒரு கையில் செடியுமாக அலைந்தார்கள். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசிருந்த சரபோஜி மன்னர், பாதிரி ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்தவர். அவரும் செடிகளையும் பறவைகளையும் ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். இப்படியொரு சூழ்நிலை அன்று இந்த நெல் நாட்டில் இருந்தது என்பதே பெருமையான விஷயம்.

ஆனால் காகிதத்தில் அழுத்திக் காயவைக்கிற வித்தையால் சைகஸைப் பிடிக்க முடியாது. மட்டை ஒன்றே ஆள் உயரத்துக்கும் மேல் போகும். கூம்பைக் காகிதத்தில் அழுத்த முடியுமா? ஆணும் பெண்ணும் வேறு வேறு மரமாகையால், ஒன்றை மட்டும் பார்த்தவன் பாதிக் கதையைத்தான் பார்த்தவன் ஆகிறான். அந்த மரமோ கூம்பு விடுவதற்கே பத்துப் பதினைந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அதை அறிய வேண்டுமானால் அதன் கூடவே வாழ வேண்டும்.

கோனிக் 1785-ல் இறந்தபோது தம் கையெழுத்துப் பிரதிகளை லண்டனிலிருந்த ஸர் ஜோஸஃப் பாங்க்ஸுக்குச் சேரும்படி விட்டுப் போனார். இந்தப் பாங்க்ஸுக்கும் சைகஸுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1770-ல் அவர் காப்டன் குக்கின் கப்பலில் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரைக்குப் போயிருந்தார். பாறையில் மோதிய கப்பலைச் செப்பனிட ஓர் ஆற்று முகத்தில் தங்கினார்கள். அங்கே சைகஸ் கொட்டைகள் ஏராளம். அவற்றை அந்த நாட்டுப் பூர்வ குடிகள் சாப்பிட்டதற்கு அடையாளமாகத் தோடுகள் கிடந்தன. அதை நம்பிக் கப்பல் ஆட்கள் சிலர் தின்றார்கள். வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தார்கள். தின்ற பன்றிகளில் சில செத்தே போயின. பாங்க்ஸ் இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். எழுதும்போது அந்த மரத்தை அங்கே கண்ட பனைகளோடு சேர்த்தே எழுதினார்.

பூர்வ குடிகள் தின்று பிழைத்ததும், கப்பல்காரர்கள் தின்று விழுந்ததும் ஒரே கொட்டைதான். வித்தியாசம் பக்குவத்தில் இருக்கிறது. கொட்டையில் சைகசின் என்ற விஷம் இருக்கிறது. நறுக்கி, நாள் கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, காயவைத்து இடித்தால்தான் மாவு சாப்பிடத் தகும். மலபாரில் இந்த வித்தை இன்றும் இருக்கிறது. ஈந்தங்காய் மாவில் புட்டும் பிடியும் செய்து, கோழிக்கோட்டுப் பக்கத்தில் விருந்தில்கூடப் போடுவார்கள். ஜப்பானுக்குத் தெற்கே ஓக்கினாவாத் தீவில் 1920-களில் சர்க்கரை விலை விழுந்து ஜனங்கள் பட்டினி கிடந்தபோது, சைகஸ் கொட்டையும் தண்டின் மாவுமே கதியாயின. பக்குவம் தப்பியவர்களுக்கு உயிர் போயிற்று. அந்தக் காலத்துக்கு அங்கே ‘சைகஸ் நரகம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. நெல்லை நம்பி வாழ்கிற நமக்கு, பஞ்சத்தில் மனிதன் எதைத் தின்னத் துணிவான் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

‘சேகோ பாம்’ என்ற பெயரிலும் இந்த மாவுதான் ஒளிந்திருக்கிறது. உண்மையான சேகோ, மலேயாத் தீவுகளில் சதுப்பில் வளரும் ஒரு நிஜப் பனையின் தண்டிலிருந்து எடுப்பது. யுத்த காலத்தில் அந்தச் சரக்கு வருவது நின்றபோது, 1940-களில் சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கிலிருந்து உருட்டி எடுத்தார்கள். நாம் பாயசத்தில் போடுகிற ஜவ்வரிசி அதுதான். ஆக, தொட்டியில் நிற்கும் சைகஸுக்கும் நம் வீட்டுப் பாயசத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குழந்தைகளும் நாய்க்குட்டிகளும் உள்ள வீட்டில் அதன் கொட்டையை யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பாங்க்ஸ் கதை இன்னும் முடியவில்லை. அவர் யோசனையின் பேரில் கியூ தோட்டத்துக்காகச் செடி தேடிப் போன ஃபிரான்ஸிஸ் மாஸன், தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775-ல் ஒரு சைகட் செடியைக் கொண்டுவந்து சேர்த்தார். அது இன்னும் கியூவில் உயிரோடு இருக்கிறது. உலகத்திலேயே மிகப் பழைய தொட்டிச் செடி என்று அதைக் காட்டுகிறார்கள். அது 1819-ல் ஒரு தடவை கூம்பு விட்டது. கீல்வாதத்தால் நடக்க முடியாமலிருந்த கிழவர் பாங்க்ஸ் அதைப் பார்க்கப் போனார். அடுத்த வருஷம் காலமானார். செடி வந்து 44 வருஷம் கழித்து ஒரு கூம்பு! நாவல் எழுதுகிறவர்கள் அவசரப்படக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உபதேசம் நான் கேட்டதில்லை.

பாங்க்ஸின் புத்தகசாலையைப் பார்த்துக்கொண்டவர் ராபர்ட் பிரவுன். 1825-ல் வாசித்த ஒரு கட்டுரையில் இவர்தான் பெரிய முடிச்சை அவிழ்த்தார். சைகஸிலும் பைன் மரத்திலும் கொட்டையாகப் போகிற சூல் மூடப்படாமல் திறந்தே கிடக்கிறது, ஆகவே இவை பூக்கிற செடிகளிலிருந்து வேறான ஒரு கூட்டம் என்று காட்டினார். பெண் மரத்து மடல்களைப் பற்றி மேலே சொன்னேனே, அதைத்தான் அவர் உற்றுப் பார்த்தார். லின்னேயஸ் அனுபந்தத்தில் வைத்து 72 வருஷத்துக்குப் பிறகு மரம் பனைகளை விட்டு விலகிச் சொந்த வீட்டுக்குப் போயிற்று.

அதைவிட ஆச்சரியமான விஷயம் ஜப்பானில் காத்திருந்தது. தோட்டங்களில் நாம் பெரும்பாலும் காண்கிற குட்டை வகைக்கு ‘சைகஸ் ரெவொலூட்டா’ என்று பெயர். 1782-ல் அதற்குப் பெயரிட்ட துன்பெர்கும் லின்னேயஸின் மாணவரே. குருவிடமிருந்து கோனிக் தரங்கம்பாடிக்குப் போனார், இவர் ஜப்பானுக்குப் போனார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1896-ல், டோக்கியோ சர்வகலாசாலையில் படம் வரைகிற உத்தியோகத்திலிருந்த ஹிராஸே, கிங்கோ என்ற மரத்தின் சூலைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஆண் அணு நீந்துவதைக் கண்டார். அதே வருஷம் இகேனோ என்ற ஆசிரியர் சைகஸிலும் அதைக் கண்டார். விதை விடுகிற மரத்தில், பாசியிலும் பெரணியிலும் நடப்பதைப்போல ஆண் அணு ஒரு சொட்டுத் திரவத்தில் நீந்திப் பெண்ணை அடைகிறது. நீரில் பிறந்த ஆதிச் செடியின் பழக்கத்தை இந்த மரம் தன் கொட்டைக்குள் ஒரு துளி நீராக மறைத்து வைத்திருக்கிறது. 1912-ல் இருவருக்கும் ஜப்பானிய அறிஞர் சபையின் பேரரசர் பரிசு கிடைத்தது.

இவ்வளவு பழைய பழக்கம் உள்ள மரத்தின் மூதாதைகள் எங்கே? வெகு தூரம் போக வேண்டாம். கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே பெரம்பலூர்ச் சீமைக்குப் போனால், ஊட்டத்தூர், தெரணி என்ற ஊர்களைச் சுற்றிய களிமண் படுகைகளில் இலை அச்சுகள் கிடைக்கின்றன. பீங்கான் சாமானுக்காக வெட்டுகிற வெள்ளைக் களிமண்ணில், நடு ஈர்க்கின் இரு பக்கமும் வரிசையாகச் சிற்றிலை பதிந்த அச்சு. ஏறக்குறைய 12 கோடி வருஷத்துப் பழசு. பார்த்தால் சைகஸ் மட்டை மாதிரியே இருக்கும். பிளான்ஃபோர்டு 1862-ல் பிரசுரித்த திருச்சிராப்பள்ளிப் பகுதி நிலவியல் அறிக்கைக்குப் பிறகு இந்தப் படுகைகள் பிரசித்தமாயின. சாத்தனூரில் படுத்திருக்கும் 18 மீட்டர்க் கல்மரத்தை 1940-ல் கண்டறிந்த எம். எஸ். கிருஷ்ணனும் நம் தஞ்சாவூர்க்காரர்தான். மகாராஜபுரம் அவர் ஊர். பிற்காலத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரானார்.

இங்கேயும் பெயர் ஒரு கை பார்த்துவிட்டது. களிமண்ணில் பதிந்த இந்த இலைகளை ஆரம்பத்தில் சைகட் என்றே எண்ணினார்கள். பிறகு அவற்றின் பூப்போன்ற உறுப்புகளையும் இலையின் தோலையும் ஆராய்ந்ததில், இது இலையில் மட்டும் சைகஸைப்போல் வேஷம் போட்ட வேறொரு குலம், வம்சமே அற்றுப்போன குலம் என்று தெரிந்தது. ராஜ்மஹால் மலையில் கிடைத்த அந்தக் குலத்துக் கல்லான பூவை 1932-ல் விவரித்த பீர்பல் ஸாஹ்னி இந்த ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்றவர். பனை என்று சைகஸைச் சொன்னோம், சைகஸ் என்று மற்றொன்றைச் சொன்னோம். பழி சமமாயிற்று!

‘உயிருள்ள கல்மரம்’ என்று சைகஸைப் புகழ்கிற வழக்கமும் உண்டு. குலம் சுமார் 28 கோடி வருஷத்துப் பழமை உடையது என்பது மெய்தான். ஆனால் இன்று இருக்கிற வகைகள் பெரும்பாலும் சுமார் 1 கோடியே 20 லட்சம் வருஷத்துக்குள் கிளைத்தவை என்று 2011-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது. பழைய வம்சம், ஆனால் இப்போதைய பேரன்கள் இளைஞர்கள். தஞ்சாவூரில் எத்தனையோ பழைய குடும்பங்கள் அப்படித்தானே?

இனி நஷ்டத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், “செட்டியார், மதனகாமப்பூ இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார்.

“இருக்கு ஸார். யாருக்கு?”

“பார்க்கத்தான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவைத் திறந்து ஒரு பிடி காகிதத்தில் போட்டார். பழுப்பு நிறத்தில், ஆப்பு வடிவத்தில், நுனி முள்ளாக நிமிர்ந்த காய்ந்த செதில்கள். புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் பொடிப் பொடியான பைகள். ஒவ்வொன்றும் வெடித்து மகரந்தத் தூள் உதிர்ந்த பை.

“இது எந்தச் செடியில் பூக்கிறது?”

“மலையிலேர்ந்து வருது. ஏதோ கொடியிலே பூக்கும்னு சொல்லுவாங்க. நம்மகிட்டே மூட்டையாத்தான் வரும்.”

அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கடைக்கு வந்தபோது அது பூவாகிவிட்டது. மலையில் அது சைகஸ் ஆண் மரத்தின் கூம்பு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் நிற்கும் அதே சர்சினாலிஸ், ரீடின் படத்தில் இருந்த அதே மரம். கூம்பு முற்றித் தூள் உதிர்வதற்குள் அறுத்துக் கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். எட்ட முடியாத உயரமானால் சிலர் தலையையே வெட்டிவிடுகிறார்கள். ஆண் கூம்பு போனால் பக்கத்துச் சரிவில் மடல் விரித்துக் காத்திருக்கும் பெண் மரத்துக்கு மகரந்தம் வராது. கொட்டை சப்பையாகிவிடும். பூவைப் பறித்தால் செடி நாளைக்கு இன்னொரு பூ பூக்கும் என்ற நம் வீட்டு நந்தியாவட்டைக் கணக்கு இங்கே செல்லாது. மதனனின் பெயரைச் சொல்லி ஒரு மரத்தின் சந்ததியை அறுக்கிறோம்.

பனை என்ற பெயர் செய்கிற சேதம் வேறு விதம். தென்னங்கீற்றை வெட்டினால் அடுத்த மாதம் இன்னொன்று வரும் என்பது நமக்குத் தெரிந்த நியாயம். அதே நியாயத்தில், கல்யாணப் பந்தலுக்கும் பூங்கொத்துக்குமாகச் சைகஸ் மட்டைகளை மலையிலிருந்து வெட்டிக் கட்டுக்கட்டாக இறக்குகிறார்கள். ஆனால் இது வருஷத்துக்கு ஒரு சுற்று மட்டை விடுகிற மரம். அந்தச் சுற்றைக் கழித்துவிட்டால் அடுத்த சுற்று வரை தண்டில் சேமித்த மாவைத் தின்றுகொண்டுதான் காலம் தள்ள வேண்டும்.

விளைவு? சர்சினாலிஸ் இன்று அழியும் ஆபத்திலுள்ள வகைகளின் பட்டியலில் இருக்கிறது. திருப்பதி, கடப்பை மலைகளில் மட்டும் வளர்கிற ‘பெடோமை’ என்ற வகையின் நிலைமை இன்னும் கவலை தருவது. 1883-ல் பெயர் பெற்ற அந்த வகையை அயல்நாட்டு வியாபாரத்துக்கு எடுத்துச் செல்வதைச் சர்வதேச உடன்படிக்கை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்துத் தடுக்கிறது. ஆனால் உள்ளூர் மூட்டைகளுக்கு உடன்படிக்கை ஏது?

முடிவு எப்படியிருக்கும் என்பதைப் பார்க்க நேட்டாலுக்குப் போக வேண்டும். 1860-ல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய அதே நேட்டால். அங்கே ஙோயே என்ற காட்டில் 1895-ல் ஜான் மெட்லி வுட் என்பவர் புது வகைச் சைகட் ஒன்றைக் கண்டார். ஒரே ஒரு புதர். ஆண். அதன் பக்கக் கன்றுகளைப் பிரித்து டர்பனிலும், 1899-ல் கியூவிலும், பிறகு உலகமெங்கும் நட்டார்கள். எல்லாம் அந்த ஒரே ஆண். நூறு வருஷத்துக்கு மேலாகப் பெண் மரம் தேடுகிறார்கள். இதுவரை அகப்படவில்லை. அந்த மரம் வாடவில்லை, கூம்பு விடுகிறது, கன்று விடுகிறது. ஆனால் கொட்டை என்று ஒன்று இனி அதற்குக் கிடையாது. சாகாமல் இருப்பது வேறு, சந்ததி இருப்பது வேறு என்பதை மனிதர்கள் விஷயத்தில் நாம் எழுதிய அளவுக்கு மரங்கள் விஷயத்தில் நினைத்துப் பார்த்ததில்லை.

மலைக்குப் போய்க் காவல் காக்க நம்மால் முடியாது. ஆனால் ஆசைக்கு ஒரு சைகஸை மலையிலிருந்து பிடுங்காமல், தோட்டத்தில் பெருகிய கன்றிலிருந்து வளர்க்க யாராலும் முடியும். ரெவொலூட்டாவின் அடியில் வாழைக்குப்போலப் பக்கக் கன்று முளைக்கும். அதை அறுத்து, மட்டைகளைக் கழித்து, காயம் ஆற நிழலில் சில நாள் போட்டு, ஆற்று மணலில் பதிக்க வேண்டும். வேர் விட மாதங்கள் ஆகும். அடிக்கடி தோண்டிப் பார்க்கக் கூடாது.

தஞ்சாவூரில் இதற்கு எமன் தண்ணீர்தான். நம் வண்டல் களிமண்ணில் ஐப்பசி மழை தேங்கினால் வேர் அழுகிவிடும். மேட்டுப் பாத்தியில், பாதிக்கு மேல் மணலும் சரளையும் கலந்து வைத்து, மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். தலைக் குருத்தில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. மட்டையின் அடியில் வெள்ளைச் செதிலாகப் பூச்சி அப்பியிருக்கிறதா என்று அடிக்கடி புரட்டிப் பார்க்க வேண்டும். உரத்துக்கு ரொம்பக் கவலைப்பட வேண்டாம். இதன் வேர்களில் சில பவழம்போலக் கிளைத்து மண்ணின் மேல்மட்டத்துக்கு வரும். அவற்றுக்குள் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. நெல் வயலுக்கு உரமாக நாம் விடுகிற பாசியின் சுற்றத்தார்தான். அந்த வேரைக் கண்டு நோயென்று வெட்டிவிடாதீர்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். நட்டது ஆணா பெண்ணா என்று தெரியவே பல வருஷம் பிடிக்கும். மூத்த பையன் பள்ளிக்கூடம் சேருகிறபோது நட்டால், அவனுக்குக் கல்யாணம் பேசுகிற சமயத்தில் சைகஸ் தன் ஜாதகத்தைக் காட்டும்.

அதுவரை அதற்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் ஒன்று உண்டு. வாசலில் நிற்கிறதைப் பார்த்து யாராவது ‘இது என்ன பனை?’ என்று கேட்டால், பனையில்லை என்று சொல்லலாம். சுருண்ட சிற்றிலையைக் காட்டலாம். மருந்துக் கடையில் காகிதத்தில் பொட்டலம் கட்டும்போது, பூ இல்லை செட்டியார், ஒரு மரத்தின் ஆண் கூம்பு இது என்று சொல்லலாம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி உங்களைப் பார்த்தும் சிரிப்பார். ஆனாலும் அடுத்த மூட்டை வரும்போது அவிழ்த்து ஒரு செதிலைப் புரட்டிப் பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன். இன்னதென்று தெரிந்துவிட்ட ஒன்றை அறுப்பதற்கு யாருக்குமே கொஞ்சம் கை கூசும்.